மைப்படி எடுக்கக் கிளம்பும் முன் அனுமதிக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள்

முதுகலைத் தொல்லியல் ஆய்வேட்டை ஒருவழியாகக் கொடுத்தாயிற்று. தலைப்பு, நெறியாளர், முன்வரைவு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. உயிரை வாங்கியது அனுமதிக் கடிதம்தான்.

நான் எடுத்துக்கொண்டது அறநிலையத் துறையின் கீழ் உள்ள ஒரு சோழர் காலக் கோயில். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் என்றால் அவர்களிடமும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் மைப்படி எடுக்கவே, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கவே, அனுமதி கேட்டிருந்தேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் யாருடையதோ ஒரு பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி, பார்வையிடவும் புகைப்படம் எடுக்கவும் என்று அடித்து, உறையை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். வந்த அனுமதியும் அதே வாசகத்தில்தான் இருந்தது. தாள்கட்டு, தூரிகை, மை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்கினால், கோயில் எழுத்தர் கடிதத்தை ஒரே பார்வையில் மடித்துக் கையில் கொடுத்தார்.

"ஏம்மா, போட்டோ எடுக்கத்தானே போட்டிருக்கு? சுவத்துல மை பூசுறதுக்கு உத்தரவு எங்க?"

மை கல்லில் படவே படாது சார் என்றேன். ஈரத் தாளைச் சுவரில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, ஈரம் இழுத்த பிறகு தாளின் மேல்தான் மை ஒற்றுவோம்; எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். ஒரு துண்டுத் தாளில் செய்து காட்டுகிறேன் என்றும் கெஞ்சினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிறெரிந்தது. போட்டோவுக்காவது அனுமதி இருக்கிறதே என்று, பக்கவாட்டில் டார்ச் அடித்து அடித்தள வரிகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

திருத்திய கடிதம் வருவதற்குள் திருப்பணி தொடங்கிவிட்டது. தரையை உயர்த்திக் கருங்கல் பாவியதில் அடித்தளத்தின் கீழ்ப்பட்டையான ஜகதி முழுவதும், அதற்கு மேலுள்ள குமுதம் என்ற பட்டையில் பாதியும் உள்ளே போய்விட்டன. கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வருகின்றன. ஆனால் அவற்றில் இந்தக் கல்வெட்டுக்குச் சுருக்கம் மட்டும்தான் உண்டு. புதைந்த வரிகளுக்கு அன்று எடுத்த போட்டோக்கள்தான் இப்போது என்னிடம் இருக்கும் ஒரே சான்று. ஆய்வேட்டில் அவற்றைத் தனிப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறேன். எந்தக் கோயிலுக்குப் போனாலும், மைப்படி கிடைக்குமோ கிடைக்காதோ, முதல் நாளே எல்லா வரிகளையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

மேல் வரிகளுக்கு மைப்படி கிடைத்தது. தாளை உரித்ததும் "சாவா மூவாப் பேராடு தொண்ணூறு" என்று பளிச்சென்று வந்தது. நந்தாவிளக்கு என்ற அணையா விளக்கை எரிக்க ஆயிரம் ஆண்டுக்கு முன் விட்ட, சாவும் மூப்பும் இல்லாத ஆடுகள்! அலைந்த அலைச்சல் அந்த நிமிடத்தில் மறந்துபோனது.

மேற்குச் சுவரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிற்பகல் வெயிலில் மை ஒற்றுவதற்குள் தாள் காய்ந்து கழன்றுவிடும். பிரதோஷத்தன்று போகவே வேண்டாம். கடிதத்தில் மைப்படி, எந்தெந்தச் சுவர், எத்தனை நாள் என்று மூன்றும் இருக்கிறதா என்று உறை ஒட்டும் முன் பாருங்கள்.

பாவிய கற்களைக் குமுதத்தை ஒட்டி மட்டுமாவது எடுக்கச் சொல்லி, போட்டோக்களை இணைத்து மனு கொடுத்திருக்கிறேன். குடமுழுக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது.