பாய் சுருட்டிய ஐயா

எங்கள் சபையில் மொத்தமே 22 குடும்பம். நேற்று ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா தனியாகப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். யாரும் கை கொடுக்கவில்லை, நான் உட்பட.

வீடு சந்திக்க வருவதில்லை என்று எங்களுக்கு வருத்தம். உபவாச ஜெபத்துக்கு நாலு பேர்தான் என்று அவருக்கு. சம்பா நடவு நேரத்தில் பகலில் ஜெபம் வைத்தால் யார் வருவார்கள்? சேற்றில் நிற்கிறவனிடம் விசுவாசம் குறைந்துபோச்சு என்றால் கோபம் வராதா? சரி, எங்கள் பக்கமும் யோக்கியமில்லை. அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை 900 ரூபாய்க்கு ஏலம் எடுத்துக் கைதட்டு வாங்கியவன் (நான்தான்) மாதக் காணிக்கைக் கவரில் வைப்பது ஐம்பது. அவர் பைக்குக்கு யார் பெட்ரோல் போடுவது?

பிரசங்கத்தில் சீகன்பால்கு அடிக்கடி வருவார். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தாராம். எங்கள் ஐயா ஒருநாள் வரப்புவரை வந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் டீக்கடையில் பார்த்தேன்.

"நடவு முடிஞ்சுதா தம்பி?"

"இன்னும் ரெண்டு மா இருக்குங்கய்யா."

"காலையில வந்து ஜெபம் பண்ணட்டுமா?"

"வாங்கய்யா. செருப்ப மட்டும் கரையிலயே விட்டுடுங்க."