கார்பனைக் குறைக்கக் கருத்து எழுதுகிறவர்கள் முதலில் பட்ஜெட்டைத் திறக்கவேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகராட்சி 2019இல் காலநிலைச் செயல்திட்டத்தை ஏற்றது. 2050க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியேறும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமமாவது என்பது அதன் இலக்கு. அதைப் பற்றிப் பேசும் கூட்டங்களுக்கு இந்தியர் நிறைந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து நம்மவர்கள் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் பட்ஜெட்டில் ஒரு வரி கிடைக்காத திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி (2003) அதற்கு 90 நாளாவது முன்பு வரைவு பட்ஜெட்டை மன்றத்தில் வைத்து, உடனே வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும். மே முடிவதற்குள் அது ஒப்புதலுக்கு வந்துவிடும். ஆக, ஏப்ரல்தான் நம் மாதம். ஜூனில் எழுதும் கடிதம் ஆறின கஞ்சி.

"மாசைக் குறையுங்கள்" என்று எழுதினால் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்ற பதிலோடு முடிந்துவிடும். வார்டு எண், வரைவில் உள்ள திட்டத்தின் பெயர், தொகை, நீங்கள் கேட்கும் மாற்றம் ஆகிய நான்கும் இருந்தால் ஓர் அதிகாரி அதை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். கணக்கும் வையுங்கள். 150 லிட்டர் கீசரில் 20 டிகிரித் தண்ணீரை 60க்கு ஏற்ற சுமார் 7 யூனிட் மின்சாரம் செலவாகும். நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் பிறப்பதால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டைஆக்சைடு. நகராட்சியின் வாடகைக் குடியிருப்பில் 40 கீசர் இருந்தால் நாளுக்கு 280 யூனிட். "பழுதான கீசரை மாற்றும்போதெல்லாம் சூரிய கீசர் வையுங்கள், பராமரிப்புத் தொகையில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்" என்று கேட்டால் அது பட்ஜெட்டில் ஏறக்கூடிய கோரிக்கை.

அக்கம்பக்கத்தைக் கேட்காமல் போட்ட கார்பன் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டர்பனின் கிளேர் எஸ்டேட் பகுதியில் பார்த்தோம். பிசாசர் ரோடு குப்பைமேடு 1980இல் நிறவெறி ஆட்சியில் திறக்கப்பட்டது. சுற்றிலும் இந்தியர் வீடுகள். பின்னாளில் அங்கே எழும் மீத்தேனைக் குழாயில் பிடித்து 6.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்தது. மீத்தேனை எரிப்பது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதிரில் குடியிருந்த சஜிதா கான் போன்றவர்கள் கேட்டது மேட்டை மூடச் சொல்லி. மாசைக் குறைத்ததற்காக விற்கக் கிடைக்கும் கார்பன் வரவுக்கு (carbon credit) வாயு வேண்டும், வாயுவுக்குக் குப்பை வேண்டும். புற்றுநோயால் 2007இல் இறக்கும்வரை அவர் போராடினார். அதே குப்பையைப் பொறுக்கிப் பிழைத்த கென்னடி ரோடு குடிசைவாசிகளுக்கோ மேட்டை மூடினால் சோறு போகும். இந்த மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருக்கவேண்டியது குழாய் பதிப்பதற்கு முன்னால்.

வார்டு மக்களின் குரலை மன்றத்துக்குக் கொண்டுபோகும் வார்டு குழுவில் கவுன்சிலரைத் தவிர அதிகபட்சம் 10 பேர்தான். அதில் இடம் கிடைக்காவிட்டாலும் எழுதும் உரிமை போய்விடாது. எழுத இயலாத பாட்டி, தாத்தா அலுவலக நேரத்தில் நேரே போய்ச் சொன்னால் ஊழியர் எழுதித் தரவேண்டும். 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு அது. அழைப்பு அறிவிப்பில் அந்த ஊழியரின் பெயர் இருக்கவேண்டும், இல்லையென்றால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுதுங்கள். கடிதத்தின் நகலில் தேதி முத்திரை வாங்க மறக்காதீர்கள்.