உசிலம்பட்டி அக்காவும் கால் கிலோ மல்லிகையும்

ஸ்கேன் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில்தான் அவரைப் பார்த்தேன். 2023 ஆவணி மாதம். அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் முதலில் கேட்பது, "எத்தனை மாசம்?" அவர் அதைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன சொன்னாங்க?" என்றார்.

முதுகுத்தண்டு கீழே மூடவில்லை, தலையில் நீர் கோத்திருக்கிறது என்று சொன்னேன். அவர் குழந்தைக்கு இதயத்தின் இடது பக்கம் வளரவே இல்லையாம். எனக்கு 24 வாரம் 3 நாள், அவருக்கு 22 வாரம். அவர் உசிலம்பட்டி, நான் திருமங்கலம். அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னை ஊர் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

சிசுவுக்குக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனுக்கு நான் 20-ஆவது வாரமே போயிருந்தேன். "குழந்தை முதுகைக் காட்ட மாட்டேங்குது, அப்புறம் வாங்க" என்று ஒரு ஸ்கேன் சென்டரில் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் என்றால் எப்போது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு வாரம் ஓடிவிட்டது. இரண்டாவது முறை பார்த்துவிட்டு, "24 வாரம் தாண்டிருச்சு, இனிமே கலைக்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்றார்கள். என் கணவர் வக்கீல் தேட ஆரம்பித்துவிட்டார்.

அது பழைய கதை என்று சொன்னது அக்காதான். பால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை, எந்தக் காகிதத்தையும் முழுசாகப் படிக்காமல் விடமாட்டார். 2021-இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். சிசுவுக்குப் பெரிய குறைபாடு இருந்தால் 24 வாரத்துக்கு மேலும் மருத்துவக் குழு அனுமதி கொடுக்கலாம், கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. விண்ணப்பம் கொடுத்த 3 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும், 5 நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். விண்ணப்பத்தை அக்காவே தன் பேனாவால் எழுதினார். கையெழுத்து மட்டும் நான்.

குழு என்றதும் விசாரணை மாதிரி இருக்கும் என்று பயந்தேன். மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் என்று உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பிறந்தால் என்னென்ன ஆபரேஷன் தேவைப்படும், நடக்குமா, சிறுநீர் கழிக்க என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று குழந்தை மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "புரிஞ்சுதாம்மா?" என்று மூன்று முறை கேட்டார். சம்மதப் படிவத்தில் கணவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று மாமியார் நின்றார். "சட்டப்படி அவங்க கையெழுத்து மட்டும் போதும்" என்றார் சிஸ்டர். அதுவரை என் உடம்பைப் பற்றி எட்டுப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படிவத்தில் என் பேர் மட்டும் இருந்தது நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அன்று ராத்திரி கேன்டீன் பக்கம் டீ குடிக்கும்போது அக்கா தன் முடிவைச் சொன்னார். 24 வாரத்துக்குள் என்பதால் அவருக்கு இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டாலே போதும். ஆனால் அவர் வேண்டாம் என்றுவிட்டார். "எட்டு வருஷம் கழிச்சு வந்திருக்கு. எத்தனை நாள் இருக்கோ, இருந்துட்டுப் போகட்டும்." அடுத்து என்னைக் கேட்பார் என்று பதில் தயார் செய்துகொண்டேன். அவர் கேட்டது, "பிஸ்கட் வாங்கவா?"

முதலில் வயிற்றின் வழியே ஒரு ஊசி. அப்புறம் மாத்திரை, பதினாறு மணி நேரம் வலி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'என்ன குழந்தை என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். பெண் என்று அப்போதுதான் தெரிந்தது. பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன்.

பால் சுரக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் மார்பு கல்லாகிவிட்டது. நைட்டி நனைய நனைய மாற்றினேன். மாத்திரை கொடுத்திருந்தார்கள், ஆனாலும் வலி குறையவில்லை. அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் பண்ணினேன். சாயங்காலம் வாழையிலைப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். "வயித்துப்பிள்ளைக்காரி இந்த வீட்டுக்கு வரலாமா?" என்று மாமியார் பதறினார். "வந்துட்டேனே அத்தை, இனி என்ன பண்றது" என்று உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

பொட்டலத்தில் மல்லிகை. நெருக்கமாகக் கட்டிய சரம். அதை என் மார்பைச் சுற்றி வைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். அவர் அம்மாச்சி வைத்தியமாம். குனிந்து முடிச்சுப் போடும்போது அவர் வயிறு என் கையில் இடித்தது, உள்ளே குழந்தை உதைத்தது எனக்கும் தெரிந்தது. இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பூ மாற்றினோம், நாலைந்து நாளில் வற்றிவிட்டது. 1988-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். அம்மாச்சிக்கு அது தெரிந்திருக்காது.

கருக்கலைப்புக்கும் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, மகப்பேறு நலச் சட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி என்னை எழுதிக் கொடுக்க வைத்ததும் அவர்தான். அடுத்த பிள்ளைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் போட வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டை, தொலைத்துவிடுவேன் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

நான் அவருக்கு அப்படி இல்லை. வளைகாப்புக்கு அழைத்தார். பஸ் ஏறி உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஒரு டீ குடித்தேன். வளையல் போட வரிசையில் நிற்கும் பெண்கள் என் முகத்தைப் பார்ப்பது கண்ணுக்குள் வந்தது. அதைவிட, அவர் வயிற்றைப் பார்த்து எனக்குள் எரியுமே என்ற பயம். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். காய்ச்சல் என்றேன். "சரி, கஞ்சி குடி" என்றார். பொய் என்று அவருக்குத் தெரியும்.

மார்கழியில் பையன் பிறந்தான். 1.8 கிலோ. மூன்று கட்டமாகச் செய்ய வேண்டிய ஆபரேஷன், இந்த எடைக்கும் இந்த இதயத்துக்கும் தாங்காது என்றார்கள். ஆறு நாள் இருந்தான். நாலாம் நாள் என் மடியில் பத்து நிமிடம் கொடுத்தார். விரல் நீளம்.

எட்டாம் நாள் காலையில் போன் வந்தது. "திருமங்கலம், கட்டிக்கிச்சு" என்றார், அவ்வளவுதான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைவு, விலை கேட்டால் தலை சுற்றும். கால் கிலோ கேட்டேன். "வீட்டுல விசேஷமாம்மா?" என்றார் பூக்காரம்மா. ஆமா என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸிலேயே கட்டிக்கொண்டு போனேன். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தினேன். அவர் கையைத் தூக்கிக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றார்.