மல்லாட்டைக்குள்ள ஒரு ஊரு இருக்கு

பொண்ணுக்கு ஸ்கூல்ல பொது அறிவு க்விஸ், இந்தத் தடவை தலைப்பு பாரம்பரிய உணவுகள். ஒரு வாரமா வீட்ல இதே பேச்சுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு எப்ப கெடச்சுது, 2019. பழனி பஞ்சாமிர்தம், அதுவும் 2019. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020. மணப்பாறை முறுக்கு 2023. மடமடன்னு ஒப்பிக்கிறா. நடுவுல வேற பக்கத்துலேர்ந்து ஒரு கேள்வி, மணிலா எந்த நாட்டோட தலைநகரம்னு. பிலிப்பைன்ஸ்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டா. நான்தான் நிறுத்தினேன். இருடி, அந்த மணிலா நம்ம வீட்டு மேல் ஷெல்ஃப்ல டப்பாக்குள்ள இருக்கு தெரியுமான்னு கேட்டேன்.

நான் விழுப்புரம் பக்கம். எங்க ஊர்ல வேர்க்கடலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மல்லாட்டைதான். கல்யாணம் ஆகி கோவில்பட்டி போன புதுசுல சட்னி அரைக்கலாம்னு, "அத்தை, மல்லாட்டை எதுல போட்டு வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். அத்தை கைல இருந்த கரண்டிய அப்படியே வச்சுட்டு, "என்னம்மா கேக்க? ஆட்டையா?"ன்னாங்க. நான் கைய வச்சு ஜாடை காட்டி, உடைச்சுக் காட்டி, கடைசில அவங்களே டப்பாவ எடுத்துக் காட்டி "கடலையா? அதச் சொல்லேன்"னு சிரிச்சாங்க. கடலைமிட்டாய்க்கே பேர் போன ஊர்ல போயி கடலைக்கு வேற பேர் சொல்லிட்டு நின்னேன், ஆனா அந்தப் பேரு எங்கேர்ந்து வந்துதுன்னு அப்ப எனக்கும் தெரியாது.

அது மணிலாக்கொட்டை. பழைய ஆளுங்க மணிலா, மணிலாப் பயிருன்னே சொல்வாங்க, எங்க ஊரு மார்க்கெட் கமிட்டில கூட மணிலா மூட்டைன்னுதான் பேச்சு. மணிலாக்கொட்டை மல்லாக்கொட்டை ஆச்சு, மல்லாக்கொட்டை வாய்ல தேஞ்சு மல்லாட்டை ஆச்சு. செடியோட சொந்த ஊரு தென் அமெரிக்கா. ஸ்பானியர்கள் அதை பசிபிக் தாண்டி மணிலாவுக்குக் கொண்டு வந்தாங்க, அங்கேர்ந்து ஆசியா பூரா பரவுச்சு. நம்ம பக்கம் வந்தப்புறம் அந்தத் துறைமுகத்துப் பேரையும் சேர்த்து மடில கட்டிட்டு வந்திருக்கு. அப்புறம் தென்னாற்காடு செம்மண்ணுல அது புடிச்ச புடி இருக்கே! 1800கள் கடைசில பாண்டிச்சேரிலேர்ந்து கப்பல் கப்பலா பிரான்ஸ்ல மார்செய்க்குப் போயிருக்கு, அங்க எண்ணெய் ஆட்டவும் சோப்பு காய்ச்சவும். இன்னிக்கு விவசாயிங்க டிஎம்வி 2, டிஎம்வி 7னு விதை கேட்டு வாங்குறாங்களே, அந்த டிஎம்விங்கறது திண்டிவனம்தான், அங்க இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தோட ரகம்.

அந்தச் செடியும் ஒரு அதிசயம்தான். பூ வெளியில பூக்கும், மஞ்சளா குட்டியா. பூ வாடினப்புறம் அதோட அடிலேர்ந்து ஊசி மாதிரி ஒண்ணு நீண்டு மண்ணப் பாத்து இறங்கும், மண்ணுக்குள்ள போனாத்தான் காய் பிடிக்கும். சின்ன வயசுல ஆயா, அதான் எங்க பாட்டி, அவங்க கூட காட்டுக்குப் போவேன், கொடி பிடுங்கிக் குவிச்சு வச்சிருப்பாங்க, பொம்பளைங்க எல்லாம் வட்டமா உக்காந்து காய் ஆஞ்சுட்டு இருப்பாங்க, பேச்சு வாய்ல ஓடும், கை தன்னால ஆயும், சாயங்காலம் கூலியா காயே அளந்து போடுவாங்க. ஆயா முந்தானைல முடிஞ்சு கொண்டு வந்த காய்ல மண்ணு வாசனையோட ஒரு பால் வாசனை அடிக்கும். இப்ப பாக்கெட்ல வர்றதுல அந்த வாசனை சுத்தமா இல்ல.

கடலைமிட்டாயும் அப்போ தோணுற அளவுக்குப் பழசு இல்ல, கடலை வந்தப்புறம்தானே மிட்டாய் வந்திருக்க முடியும். அத்தை சொல்லுவாங்க, அவங்க பாட்டி காலத்துல கருப்பட்டிப் பாகுலதான் போடுவாங்களாம், வெல்லம் பின்னாடி வந்ததாம்.

சரி சக்கரைக்கு வாங்க. அத்தை வீட்ல சீனி. எங்க வீட்ல சக்கரை. எங்க ஆயா மட்டும் கடைசி வரைக்கும் அஸ்கான்னுதான் சொன்னாங்க, "அரை கிலோ அஸ்கா வாங்கியா"ன்னு. அது ஏதோ பேச்சு வழக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன். அஸ்காங்கறது ஒரு ஊரு! ஒடிசால கஞ்சம் மாவட்டத்துல இருக்கு, 19-ம் நூற்றாண்டுலயே அங்க சர்க்கரை ஆலை வந்துடுச்சு. 1936-ல ஒரிசா தனி மாகாணம் ஆகுற வரைக்கும் அந்தப் பக்கம் மெட்ராஸ் மாகாணத்துலதான் இருந்துச்சு. அங்கேர்ந்து வந்த வெள்ளைச் சக்கரை அஸ்கா சக்கரை, அப்புறம் வெறும் அஸ்கா. சீனியில இருக்கிறது சீனா. சக்கரைங்கற பேரோ சமஸ்கிருத சர்க்கராலேர்ந்து வந்தது, அதுக்குப் பொடிக்கல்லு, பருமணல்னு அர்த்தம், இங்கிலீஷ்காரன் சுகர்ங்கறதும் பாரசீகம் அரபு எல்லாம் சுத்திப் போன அதே வார்த்தைதான். ஒரு டம்ளர் காப்பிக்கு எங்க ரெண்டு வீட்டுக்குள்ளயே மூணு பேரு, மூணும் வேற வேற வழியில வந்திருக்கு.

முந்திரிதான் எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. பண்ருட்டி எங்களுக்குப் பக்கம், சித்தி வாக்கப்பட்ட ஊரு. முந்திரி பிரேசில்லேர்ந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டு வந்தது. ஆனா முந்திரிங்கற பேரு அவங்க கொண்டு வந்தது இல்ல, அது நம்மகிட்ட முன்னாடியே இருந்த பேரு, திராட்சைக்கு. யாழ்ப்பாணத்துல இன்னிக்கும் முந்திரிகைன்னா திராட்சைதான், நம்ம முந்திரிய அவங்க மரமுந்திரிகைன்னு சொல்வாங்க. மலையாளத்துலயும் முந்திரின்னா திராட்சை. நம்ம பக்கம்தான் புதுசா வந்தது பழைய பேர எடுத்துக்கிச்சு, திராட்சைக்கு வேற பேரு வந்து உக்காந்துடுச்சு. பாயாசத்துல முந்திரியும் திராட்சையும் ஒண்ணா நெய்யில வறுபடும்போது எனக்கு எப்பவும் இது ஞாபகம் வரும்.

சித்தி வீட்டுப் பக்கத்துல முந்திரி உடைக்கிற வேலை நடக்கும். ஓட்டுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்கு, தோல்ல பட்டா பொத்துப் போயிடும். உடைக்கிற அக்காங்க கைல சாம்பல் தடவிட்டு உக்காருவாங்க, இருந்தாலும் வெரல் நுனி எல்லாம் கருகருன்னு இருக்கும், ரேகையே தெரியாது. முழுசா வர்ற பருப்புக்கு ஒரு விலை, உடைஞ்சா வேற விலை, அதனால அவ்ளோ பதமா தட்டுவாங்க. க்விஸ் புஸ்தகத்துல முந்திரிக்குப் பேர் போன ஊர் எதுன்னு கேள்வி இருக்கு, இந்தக் கையப் பத்தி ஒரு வரி இல்லையேன்னு எனக்கு மனசு கேக்கல, அதனால பொண்ணுக்கு அதையும் சொன்னேன்.

மிளகாய் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், சுருக்கமா சொல்லிடறேன். மிளகு மாதிரி காரமா இருக்கிற காய், அதனால மிளகாய். அதுக்கு முன்னாடி நம்ம காரம் பெரும்பாலும் மிளகுதான், சங்க காலத்துல கறின்னாலே மிளகு, பட்டினப்பாலைல காவிரிப்பூம்பட்டினத்துல "கருங்கறி மூடை" கிடந்ததா வருது. மிளகத் தேடி வந்த போர்ச்சுகீசியர்கள்தான் மிளகாயக் கொண்டு வந்து விட்டாங்க, இப்ப ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே இருக்கு.

மிளகாய்க்கு முந்தி நம்ம சமையல் எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும்னா எதிர் வீட்டு மாமி வீட்ல திவசத்தன்னிக்குப் பாக்கணும். ஒரு தடவை ஒத்தாசைக்குப் போயிருந்தேன். மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எதுவும் கிடையாது. வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, காரத்துக்கு மிளகு. "இதெல்லாம் சேர்க்கப்படாதும்மா"ன்னு மாமி சொன்னாங்க. அவங்க தள்ளி வச்ச லிஸ்ட்ட ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தா எல்லாமே பின்னாடி வெளியிலேர்ந்து வந்தது! சாஸ்திரம்னு சொல்லி ஐநூறு வருஷத்துக்கு முந்தின ஒரு அடுப்படிய அப்படியே காப்பாத்தி வச்சிருக்காங்க, எனக்கு உடம்பு சிலுத்துடுச்சு.

அதே மாதிரி பரங்கிக்காய். பேரிலேயே பறங்கி இருக்கு, அதாவது வெள்ளைக்காரன். அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் காய்தான். எங்க வீட்ல மார்கழி காலைல கோலம் போட்டு நடுவுல சாணி உருண்டைல அம்மா சொருகுற மஞ்சப்பூ இருக்கே, அது அந்தக் கொடியோட பூ. இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு ஒரு நிமிஷம் என்னவோ மாதிரி இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. நம்ம வாசல்ல இத்தன வருஷம் பூத்தது நம்ம பூதானே.

சேலம் ஜவ்வரிசியும் சொல்லணும். மொதல்ல அது தென்கிழக்கு ஆசியாவுல ஒரு வகைப் பனை மரத்துத் தண்டு மாவுல செஞ்சு கப்பல்ல வந்துட்டு இருந்தது. ரெண்டாம் உலகப்போர்ல கப்பல் நின்னுடுச்சு, 1943 வாக்குல சேலத்துல மரவள்ளிக்கிழங்கு மாவுல செய்ய ஆரம்பிச்சாங்க, மரவள்ளியும் பிரேசில்காரன்தான். இப்ப நம்ம பாயாசத்துல இருக்கிறது அந்தச் சேலத்துக் கிழங்கு.

பொண்ணு இதெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டா. க்விஸ்ல இதுல ஒண்ணு கூட கேக்க மாட்டாங்கம்மான்னும் சொல்லிட்டா, பரவால்ல. எனக்கு இருக்கிற வருத்தம் ஒண்ணுதான், கடையில எல்லாப் பாக்கெட்லயும் நிலக்கடலை இல்லன்னா வேர்க்கடலைன்னுதான் அச்சடிக்கிறாங்க, எங்க ஊர்ப் பசங்களே இப்ப மல்லாட்டைன்னு சொல்லக் கூச்சப்படுதுங்க. போன மாசம் அத்தை கோவில்பட்டிலேர்ந்து பார்சல் அனுப்பினாங்க, அட்டைப்பெட்டி மேல பேனாவுல கொட்டை எழுத்துல "பேத்திக்கு மல்லாட்டை மிட்டாய்"னு எழுதி இருந்துச்சு. அந்த அட்டைய வெட்டி வச்சிருக்கேன்.

சனிக்கிழமை அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க, பச்சக் காய் ஒரு பை கொண்டு வர்றாங்களாம். உப்பு போட்டு அவிக்கணும், பெரிய குக்கர மேலேர்ந்து இறக்கி வைக்கணும்.