மஞ்சள் காய்ச்சல் ஊசியும் எங்கள் வயதும்: கம்பாலா போய் வந்த அனுபவம்

உகாண்டாவில் வேலை பார்க்கும் மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகக் கம்பாலா போவது என்று முடிவானதும், மார்த்தாண்டத்தில் தெரிந்தவர்கள் எல்லோரும் விசாவைப் பற்றியும் டிக்கெட் விலையைப் பற்றியும்தான் பேசினார்கள். வளைகுடா போய் வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர் இது. ஆனால் உகாண்டா போவதற்கு முன் ஓர் ஊசி போட வேண்டும், எங்கள் வயதில் அதையும் யோசித்துத்தான் போட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு 64 வயது, இரத்த அழுத்தம் உண்டு. கணவருக்கு 71, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாதவர்களை உகாண்டா அனுமதிப்பதில்லை. திரும்பி வரும்போது இந்தியாவும் அதைக் கேட்கிறது. கையில் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். நம் நாட்டில் அந்த நோய் இல்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு மட்டும் தாராளமாக இருக்கிறது, எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் எடுக்கும் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் போதும். ஆகவே இந்தக் கண்டிப்பு தேவையானது என்றே நினைக்கிறேன்.

கணவரின் அண்ணன் மகன், "போய் ஒரு ஊசி போட்டுவிட்டு வர வேண்டியதுதானே சித்தி, இதற்கு எதற்கு டாக்டரிடம் போகிறீர்கள்?" என்று கேட்டான். நான் விடவில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இருவருடைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனோம். அவர் முதலில் கேட்டதே, "அம்மா, சமீபத்தில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்றுதான். மூட்டுவலி கடுமையாகி, சில வாரம் அதிக அளவில் சாப்பிட்டு அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். இது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ் கொண்ட தடுப்பூசி. எதிர்ப்புச் சக்தி அடங்கியிருக்கும் உடம்பில் அதைப் போடக் கூடாது. மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாவது கழியட்டும் என்றார். முட்டை ஒவ்வாமை உண்டா, நெஞ்சில் தைமஸ் சுரப்பிக்கு ஏதாவது சிகிச்சை நடந்ததா என்றும் கேட்டார்.

கணவரைப் பற்றிப் பேசத்தான் அதிக நேரம் ஆயிற்று. 60 வயதைத் தாண்டி இந்த ஊசியை முதல் முறையாகப் போடுகிறவர்களுக்கு, கல்லீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் ஆகியவற்றைத் தாக்கும் கடுமையான பின்விளைவு வருவதற்கான வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். மிக அரிதுதான், லட்சத்தில் சிலருக்கு என்ற அளவு. 70க்கு மேல் இன்னும் சற்றுக் கூடுகிறது. மறுபக்கம், நோயே வந்துவிட்டால் அதற்கென்று தனி மருந்து கிடையாது. முற்றிய நிலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். ஊசி போடாமல், உடல்நிலை காரணமாகப் போட இயலாது என்று மருத்துவர் கடிதம் வாங்கிப் போகவும் வழி இருக்கிறது. ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் அந்த நாட்டின் விருப்பம். தவிர, பாதுகாப்பே இல்லாமல் நோய் உள்ள நாட்டில் இருக்க வேண்டும்.

டாக்டர் எதையும் மறைக்கவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. "போயே ஆக வேண்டிய பயணமா என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் ஐயா" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கணவர் அதிகம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைக்கு இப்போது நீதான் வேண்டும். நீ போ. அவர்கள் ஊருக்கு வரும்போது குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். முதல் பேரப்பிள்ளை. அந்த முடிவை அவர் எவ்வளவு வருத்தத்தோடு எடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் இந்த ஊசியைச் சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எங்களுக்குப் பக்கம் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது அவசியம். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதால் ஆட்களைச் சேர்த்துத்தான் போடுகிறார்கள். அசல் பாஸ்போர்ட் வேண்டும். அதன் எண்ணை, சான்றாகத் தரும் மஞ்சள் அட்டைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தருகிறார்கள். பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்று செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும். பத்து ஆண்டுக்கு ஒரு முறை என்பது பழைய விதி. எனக்குக் கை வலியும் லேசான காய்ச்சலும் வந்து போயின, அவ்வளவுதான்.

சளிக்காய்ச்சல் ஊசியையும் டாக்டர் போட்டுக்கொள்ளச் சொன்னார். அது உயிருள்ள வைரஸ் அல்ல என்பதால் இடைவெளி தேவைப்படவில்லை. மலேரியாவுக்குத் தனியாக மாத்திரை எழுதினார். இதை அழுத்திச் சொல்கிறேன்: மஞ்சள் காய்ச்சல் ஊசி மலேரியாவைத் தடுக்காது, உகாண்டாவில் மலேரியா மிக அதிகம். ஊருக்குத் திரும்பிய பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டிய மாத்திரை எனக்குக் கிடைத்தது. வந்துவிட்டோமே என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

இரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்கினேன். நம் கம்பெனிப் பெயர் அங்கே தெரியாமல் போகலாம், அம்லோடிபின் என்றால் எந்த ஊரிலும் புரியும். கம்பாலா நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது, அதனால் மாத்திரை நேரத்தில் பெரிய குழப்பம் இல்லை. விமானத்தில் கால் வீங்காமலிருக்க அடிக்கடி எழுந்து நடந்தேன். சாப்பாடும் அந்நியமாகத் தோன்றவில்லை. அவர்கள் பச்சை வாழைக்காயை அவித்து உண்கிறார்கள், மரச்சீனிக் கிழங்கும் தாராளமாகக் கிடைக்கிறது.

திருவனந்தபுரத்தில் இறங்கியபோது மஞ்சள் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஊருக்கு வந்து சில நாளில் காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும்போதே உகாண்டாவிலிருந்து வந்தவள் என்று சொன்னேன்; உடனே மலேரியாவுக்கு இரத்தம் எடுத்தார்கள். மலேரியா இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். இருந்தாலும் மறுநாள் மீண்டும் ஒரு முறை இரத்தம் பார்த்த பிறகே டாக்டர் என்னை விட்டார்.