ஒன்றுக்கு முப்பது

ஜூலை 2

இருமல் மருந்து பாட்டிலின் மூடியை அளந்தேன். 28 மில்லிமீட்டர், ஒரு மயிரிழை குறைவு. இரண்டாம் உலகப்போரின் ரஷ்ய டாங்கி டி-34, அதன் சக்கரம் 830 மில்லிமீட்டர். வகுத்தால் கிட்டத்தட்ட 30. சரி, 1:30. பெட்டியில் வரும் டாங்கி மாடல்கள் பெரும்பாலும் 1:35 தான், அதனால் இது எதன் பக்கத்திலும் நிற்காது. நிற்க வேண்டாம். வீட்டுக் குப்பையில் செய்கிறவன் அளவை முடிவு செய்ய முடியாது. எந்த மூடி நிறையச் சேர்கிறதோ அது முடிவு செய்யும்.

உடல் நீளம் 5.92 மீட்டர், எனக்கு 197 மில்லிமீட்டர். அகலம் 3 மீட்டர், எனக்குப் பத்து சென்டிமீட்டர். இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும்வரை விழித்திருக்க வேண்டுமே, கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 3

பக்கத்துக்கு ஐந்து சக்கரம். ஒவ்வொன்றும் உண்மையில் இரட்டைத் தட்டு, ஆனால் உள்தட்டு வெளியே தெரியாது, அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். ஆகப் பத்து மூடி. கையில் நான்கு.

ஜூலை 5

டி-34 முகப்புத் தகடு 45 மில்லிமீட்டர். முப்பதால் வகுத்தால் ஒன்றரை. மாத்திரைப் பெட்டி அட்டையை நான்கு மடிப்பு ஒட்டினால் சரியாக ஒன்றரை வருகிறது! இதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது. வெள்ளைப் பசையில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் அட்டை வளைந்துவிடும், அதனால் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் பலகை மாதிரி நின்றது. முகப்பில் "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று அச்சு. பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும்.

அப்பா தலையணையில் சாய்ந்தபடி, "இவ்வளவு மெல்லிசா இருந்தா குண்டு தாங்குமா?" என்றார். நேராக நிறுத்தாமல் 60 டிகிரி பின்னால் சாய்த்திருக்கிறார்கள், நேரே வருகிற குண்டு 90 மில்லிமீட்டர் துளைத்தாக வேண்டும் என்றேன். நம்பவில்லை. அட்டைத் துண்டைச் சாய்த்துப் பிடித்து, வெட்டு விளிம்பின் குறுக்கே ஸ்கேலைக் கிடையாக வைத்துத் தானே பார்த்தார். ஒன்றரை, மூன்றாக வந்தது. "அட" என்றார். அப்புறம் இருமல் வந்துவிட்டது.

ஜூலை 8

அக்கா போனில்: "அவரைப் பார்த்துக்கடான்னு சொன்னா நீ குப்பை பொறுக்கிட்டிருக்கியாமே."

ஜூலை 9

ஐந்தாவது மூடி.

நேற்று ராத்திரி அப்பா ஒரே தூக்கம். சிரப் கேட்கவில்லை. காலையில் முகம் தெளிவாக இருந்தது, பேப்பர் படித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிடமே பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறேன். பாதிக்கு மேல் இருக்கிறது. இவருக்குச் சரியாகிவிட்டால் மீதி மூடிக்கு எங்கே போவது என்று ஒரு கணக்கு தானாக ஓடியது. என்ன ஜென்மம் நான்.

வேறு மூடி வைக்கலாம்தான். தண்ணீர் பாட்டில் மூடி பெரிது, பற்பசை மூடி சின்னது. பத்தும் ஒன்றுபோல இருந்தால்தான் வண்டி. கலந்து வைத்தால் பார்த்த உடனே குப்பை என்று சொல்லிவிடும். இன்னொரு பாட்டில் வாங்கி மருந்தைக் கொட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. வேண்டாம்.

பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மட்கார்டுக்கு அருமையான பொருள், மடித்த இடம் மடித்தபடி நிற்கும். கவரைத் திறந்தேன், மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 11

சூப்பர் க்ளூவை இனி அறைக்குள் திறக்கப் போவதில்லை. அந்த நெடி அப்பாவுக்கு ஆகாது. மாத்திரைப் பட்டையின் குமிழைத்தான் விளக்குக் கண்ணாடியாக வைத்திருந்தேன், ஆவி பட்டு அதுவும் பால்போல வெளுத்துவிட்டது. கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டிய இடத்துக்கு வெள்ளைப் பசையே நல்லது, காய்ந்தால் தெளிந்துவிடும். குமிழுக்கா பஞ்சம்.

ஜூலை 14

தூக்கம் வரவில்லை. டி-34ஐ வடிவமைத்த மிகாயில் கோஷ்கின் பற்றிப் படித்தேன். 1940 மார்ச்சில் இரண்டு மாதிரி வண்டிகளைக் கார்கோவிலிருந்து மாஸ்கோவுக்குப் பனியில் ஓட்டியே கொண்டுபோனார்கள். அவரும் கூடவே போனார். அந்தப் பயணத்தில் நிமோனியா பிடித்தது. செப்டம்பர் 26ஆம் தேதி இறந்துவிட்டார். வயது 41. அவருடைய டாங்கி சண்டைக்குப் போனதை அவர் பார்க்கவே இல்லை.

காலையில் அப்பா, "ராத்திரி பூரா என்னடா படிச்சே?" என்றார். பீரங்கிக் குழல் நீளம் என்றேன்.

ஜூலை 15

ஸ்கேன். நாள் முழுக்க நாற்காலி.

ஜூலை 17

குழல் முடிந்தது. எஃப்-34 பீரங்கி, வாய் விட்டம் 76.2 மில்லிமீட்டர், நீளம் அதைப்போல 41.5 மடங்கு. 1:30இல் பத்தரை சென்டிமீட்டர். தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் மேல் பசை தடவிய பேப்பரைச் சுற்றினேன். அடிப்பக்கம் இரண்டு சுற்று கூடுதல், நுனிக்கு வரவரக் குறைத்தேன்.

டரட், அதாவது மேலே சுழலும் பீரங்கிக் கூண்டு, வார்ப்பு எஃகு, வழவழவென்று இருக்கக் கூடாது. முகப் பவுடரைப் பசையில் குழைத்துத் தேய்ந்த பல்துலக்கியால் குத்திக் குத்தி வைத்தேன். காய்ந்ததும் விரலால் தடவினால் சொரசொரப்பு. தகடு சேரும் இடத்தில் வெல்டிங் தடத்துக்குத் தையல் நூலைப் பசையில் நனைத்துப் படியவைத்து, ஈரம் இருக்கும்போதே நகத்தால் வரிசையாகக் கீறினேன். இந்த நூல் வேலை யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

ஆறாவது மூடி வந்தது. ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 19

கிடைத்துவிட்டது!

1941-42இல் ரப்பர் தட்டுப்பாடு. டயர் இல்லாத முழு இரும்புச் சக்கரங்களைப் போட்டார்கள், ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலை வண்டிகளில் நிறைய. ஓடினால் காது கிழியும், அதிர்வு வேறு. அதனால் பல வண்டிகளில் முதல் சக்கரமும் கடைசிச் சக்கரமும் ரப்பர், நடுவில் மூன்றும் இரும்பு. கலந்து வைத்தது அவர்களே! நடுவில் பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு. என் ஆறு சிரப் மூடி. மீதி நான்குக்கும் ஷாம்பு, பற்பசை என்று எந்தச் சின்ன மூடியும் சரிதான், மேலே சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி 28 மில்லிமீட்டர் வரும்வரை சுற்றினால் ரப்பர் டயர்.

இனி ஒரு பாட்டிலும் வேண்டாம். ஒன்றும் வேண்டாம்.

ஜூலை 20

பார்சல் அட்டையின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியாக இருக்கும், சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினுக்கு அதுதான். 17 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி, உள்பக்கம் ஒன்றுவிட்டு ஒன்றில் பல் ஒட்டினேன். மாட்டியதும் அப்பா கையில் வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு எடைச் செயின் இப்படி விறைப்பாவா நிக்கும்? தொங்கணும்டா." உண்மை. டி-34இல் மேலே தாங்கும் சின்ன உருளைகள் கிடையாது, செயின் சக்கரங்களின் தலையிலேயே படுத்து இடையில் தொய்யும். கை நடுங்கியது, இருந்தாலும் ஒவ்வொரு சக்கரத்துக்கு நடுவிலும் அவரே கட்டைவிரலால் அழுத்திவிட்டார். நான் பசை வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கம் முடிய ஒரு மணிநேரம். ஒரு தடவைகூட இருமவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை.

ஜூலை 22

எக்ஸ்ரேயை வெட்டினேன். ஓரத்துக் கறுப்புப் பட்டை மட்டும். விலா எலும்பு இருக்கும் பக்கம் கத்தி போகவில்லை. ஒரு மட்கார்டுக்கு நீளம் போதவில்லை, அதை அட்டையிலேயே செய்துகொண்டேன். "பழசுதானே, முழுசா வெட்டிக்கோ" என்றார் அப்பா. எரிச்சலாக வந்தது, ஏனென்று தெரியவில்லை. அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

ஜூலை 24

புதுச் சீட்டு. சிரப் இல்லை.

ஜூலை 25

ஸ்ப்ரே கூடாது, தண்ணீரில் கரையும் பெயிண்ட்தான். ரஷ்யர்கள் 4பிஓ என்று சொல்லும் பச்சைக்குப் பச்சையோடு காவி மஞ்சளும் துளி கறுப்பும் சேர்த்துப் பார்த்தேன். இரண்டாவது கலவை தேவலாம். அட்டை ஊறாமல் இருக்க முதலில் பசைத் தண்ணீர் ஒரு பூச்சு, அது நன்றாகக் காய வேண்டும். எச்சரிக்கை வாசகம் ஒரு கோட்டிங்கில் மறையாது, இரண்டு தேவைப்படும். பின்பக்க எண்ணெய் டிரம் இன்னும் ஒட்டவில்லை. அப்பாவை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க