மிஸ்ட் சேம்பரில் வெள்ளைப் பொடி

அக்டோபர் 19
மழை இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் மேக மூடாக்கு விலகவும் இல்லை. வேர் பிடிக்க நீர்த்திவலை தெளிக்கும் மிஸ்ட் சேம்பரில், தைல மரக் கட்டிங்குகளின் (வெட்டி நட்ட துளிர்க்குச்சிகள்) அடி இலைகளில் எண்ணெய் பட்டதுபோல ஈரத் திட்டு. "தம்பி, தொட்டாலே உதிருது" என்கிறார் ட்ரே அடுக்கும் அக்கா. சூட்டில் வெந்திருந்தால் மேல் இலைதான் முதலில் கருகும். பூஞ்சையா என்று பார்க்க நாலைந்தை ஈரத்துணியோடு பாலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 21
பையைப் பிரித்தால் திட்டுகளின் மேல் மினுமினுக்கும் வெள்ளைப் பொடி. இலைக்கருகல் பூஞ்சை சிலிண்ட்ரோகிளேடியம்தான். (கலோனெக்ட்ரியா என்று இப்போது எழுதுகிறார்கள், நாற்றங்காலில் அந்தப் பெயர் இன்னும் ஏறவில்லை.) இன்னொரு பூஞ்சையான ரைசோக்டோனியா என்றால் இலைகளைச் சேர்த்து நூலாம்படை கட்டியிருக்கும். பித்தியம் என்ற அழுகல் கிருமி என்றால் அடித்தண்டு கூழாகிவிடும். அதற்குக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கேட்கவே கேட்காது. எது என்று பாராமல் கலக்கி அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

நோய் கண்ட ட்ரேக்களைச் சாக்கு போட்டு மூடி வெளியேற்றி, கட்டிங்குகளை எரித்தாயிற்று. மற்றவற்றுக்குக் கார்பென்டாசிம், லிட்டருக்கு 1 கிராம். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கவே இருட்டிவிட்டது.

அக்டோபர் 22
வேர் இல்லாத குச்சி நீரை உறிஞ்ச வழியில்லாமல் நிற்கிறது. அது வாடாதிருக்க 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். பூஞ்சைக்கும் அதுவே விருந்து, வித்துகள் பரவுவதும் தெறிக்கும் தண்ணீரில்தான். இரவில் மிஸ்ட்டை நிறுத்திவிட்டேன். பகலில் டைமர் இடைவெளியைக் கூட்டினேன். இனி ட்ரேயில் ஒரு குழி விட்டு ஒரு குழியில் நடவு, இலைகளைப் பாதியாக நறுக்கி. ஒன்றோடொன்று உரசக்கூடாது.

அக்டோபர் 25
கட்டிங் வெட்டும் தாய்ச்செடிகளைச் சுற்றி வந்தேன். தரையை ஒட்டிய துளிர்களில் மண் தெறித்திருக்கிறது, அங்கேயே புள்ளி. இனி வெட்டுவது உயரத்தில் உள்ள துளிர் மட்டும். ரூட் டிரெய்னர்களை (நாற்று வளர்க்கும் பிளாஸ்டிக் குழிகள்) வெந்நீரில் முக்கிக் கழுவுகிறோம். ஒட்டியிருக்கும் பழைய தென்னை நார்க்கழிவில் இந்தப் பூஞ்சையின் கரும்பழுப்பு உறங்குகட்டிகள் மாதக்கணக்கில் கிடக்கும். மருந்துக்கடைக்காரர், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மாவையும் கார்பென்டாசிமோடு சேர்த்து ஊற்றச் சொன்னார். ஊற்றினால் முதலில் சாவது ட்ரைக்கோடெர்மாதான்!

நவம்பர் 4
புதுத் திட்டு இல்லை. தப்பியவை வேர் விட்டு நிழல்வலைக்குப் போயின. செத்தவற்றைக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே குளோன் (ஒரே மரத்திலிருந்து வெட்டி வெட்டிப் பெருக்கியது). பக்கத்து ட்ரேயில் இருந்த வேறு குளோனில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒரே ரத்தம், ஒன்று விழுந்தால் எல்லாம் விழுகிறது. மழை ஓயும்வரை அந்தக் குளோனில் கட்டிங் வெட்டுவதாக இல்லை. நாற்றுக்கு முன்பணம் கொடுத்தவரிடம் தை பிறந்ததும் வரச் சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்.